டு பிளெசிஸ் எந்த ஊர்? பிரெஞ்சுக் குடும்பப்பெயரின் மூலத்தையும் அரிதையும் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு ஆடிய ஃபாஃப் டு பிளெசிஸின் பெயரை நம் பத்திரிகைகள் கடைசியில் ஒரு 'ஸ்' வைத்தே அச்சிட்டன. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் 'டூப்ளெஸி' என்று முடித்துக்கொண்டார்கள். இருவர் மீதும் தவறில்லை. எழுத்தில் அந்த 'ஸ்' இருக்கிறது. பிரெஞ்சு வாய் அதை விழுங்கிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், டு பிளெசிஸின் தாய்மொழி பிரெஞ்சு இல்லை, ஆப்பிரிக்கான்ஸ். அவருடைய முன்னோர் பிரெஞ்சைக் கைவிட்டு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மொழி போன பிறகும் பெயரும், அது விழுங்கிய 'ஸ்'ஸும் அப்படியே தங்கிவிட்டன.

இப்படி ஒரு பிரெஞ்சுப் பெயர் கையில் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது: இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு அரிது? கேள்வி எளிமையாகத் தெரிகிறது. ஆனால் அதற்குள் வேறு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பெயர் பிறந்த இடம் வேறு, அதைச் சுமந்து நடந்த குடும்பம் பிறந்த இடம் வேறு. அரிது என்பதும் நாம் எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. இனிஷியலோடு காலம் தள்ளும் நமக்கு இந்தக் குடும்பப்பெயர் விவகாரம் கொஞ்சம் புதிது. அதனால் டு பிளெசிஸையே உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் பெயரைத் தேடுபவர்களுக்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது. ஆனால் முதல் இரண்டு படிகள் அவர்களுக்கும் பொது.

முதல் படி: அர்த்தத்தை விடுங்கள், எழுத்துகளைச் சேருங்கள்

பெயர் கிடைத்தவுடன் அகராதியைத் திறப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. முதலில் ஒரு தாளில் அந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று பட்டியல் போடுங்கள். பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்துகள் பெரும்பாலும் ஒலிக்காது. ரெனோ காரை நம் ஊரில் 'ரெனால்ட்' என்று சொல்பவர்கள் எழுத்தைப் படிக்கிறார்கள்; பிரெஞ்சுக்காரர் அந்தக் கடைசி எழுத்துகளை வாயில் எடுப்பதே இல்லை. 'ஓ' என்று முடியும் ஒரு பெயரின் வாலை ஒற்றை எழுத்தாகவும் எழுதலாம், ஏ-யூ என்றும் எழுதலாம், ஈ-ஏ-யூ என்றும் எழுதலாம், அதன்பின் ஒரு எக்ஸ் ஒட்டியும் எழுதலாம். 'திபோ' என்ற பெயருக்கு மட்டும் அரை டஜன் எழுத்துமுறைகள் உண்டு. எல்லாம் காதுக்கு ஒன்றுதான்.

பழைய பதிவேட்டை எழுதியவர் பாதிரியார் அல்லது எழுத்தர். பெயருக்குச் சொந்தக்காரருக்குப் பல சமயம் எழுத்தே தெரியாது. கேட்டதை எழுத்தர் தன் மொழிப் பழக்கப்படி எழுதினார். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் டச்சு எழுத்தர் கையில் வில்லியோன் 'ஃபில்யூன்' ஆனார், செனெஷால் 'செனெகால்' ஆனார். லண்டனில் காரிக் என்ற புகழ்பெற்ற நாடக நடிகரின் தாத்தா, பிரான்சிலிருந்து வந்தபோது 'தெ லா காரீக்'. அமெரிக்காவுக்குப் போன சில குடும்பங்கள் ஒலியைக்கூட விட்டுவிட்டு அர்த்தத்தை மொழிபெயர்த்துக்கொண்டன: பச்சைக்காடு என்ற பொருளுள்ள போவாவேர், அங்கே 'கிரீன்வுட்'. ரூவா, 'கிங்'. லெ ப்ளான், 'வைட்'. ஆங்கிலப் பெயர் போலத் தெரிவதெல்லாம் ஆங்கிலப் பெயர் இல்லை.

படித்தவர்கள் செய்த குழப்பமும் உண்டு. 'லெஃபேவ்ர்' என்றால் கொல்லர். இதன் ஒரு எழுத்துமுறையில் நடுவில் தேவையே இல்லாத ஒரு 'பி' நிற்கிறது. லத்தீனில் கொல்லருக்கு 'ஃபாபெர்' என்ற சொல் உண்டு என்பதைக் காட்டிக்கொள்ள எழுத்தர்கள் சொருகியது அது. அந்தக் காலத்தில் 'யூ'வுக்கும் 'வி'க்கும் ஒரே எழுத்து. அதனால் பின்னால் வந்தவர்கள் சிலர் அதைத் தப்பாகப் படித்து 'லெஃபேபியூர்' என்று ஒரு புதுப் பெயரையே உண்டாக்கிவிட்டார்கள். வாசிப்புப் பிழையில் பிறந்த குடும்பப்பெயர்! இன்றும் அப்படிப் பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியல் போட்டாயிற்றா? இனி குடும்பத்தில் கிடைக்கும் ஆகப் பழைய காகிதத்தைத் தேடுங்கள். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, ஞானஸ்நான ஏடு, கல்லறைக் கல், எதுவானாலும் சரி. இளையவரிலிருந்து மூத்தவரை நோக்கித்தான் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் ஒருவர் இருந்தார் என்று அங்கிருந்து இறங்கி வந்தால் யாருடைய தாத்தாவையோ சொந்தம் கொண்டாடிக்கொண்டு நிற்பீர்கள்.

இரண்டாம் படி: இப்போது பெயரைப் பிரித்துப் பாருங்கள்

பிரெஞ்சுப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தவை. தந்தையின் ஞானஸ்நானப் பெயர் (பிரான்சில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப்பெயரான மார்த்தான் இந்த வகை), தொழில், இடம், பட்டப்பெயர். செம்பட்டைத் தலையருக்கு லெ ரூ, குட்டையானவருக்குப் பெத்தி, கருத்த நிறத்தவருக்கு மோரோ. நம் ஊர்ப் பட்டப்பெயர்களுக்கு இவை கொஞ்சமும் சளைத்தவை அல்ல. இந்தப் பட்டங்கள் 11ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்ல மெல்ல மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பச் சொத்தாகிவிட்டன.

'து', 'தெ லா', 'தெ' என்ற முன்னொட்டுகளைப் பார்த்ததும் ராஜபரம்பரை என்று நினைத்துவிட வேண்டாம். 'இன்ன இடத்துக்காரர்' என்பதைத் தாண்டி அவற்றுக்கு அர்த்தமில்லை. துபோன் என்றால் பாலத்தடிக்காரர். துபுவா, காட்டுக்காரர். தென்னாப்பிரிக்காவின் டு டாய், கூரைக்காரர்.

நம் டு பிளெசிஸுக்கு வருவோம். 'பிளெஸி' என்பது கிளைகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டிய வேலி, அப்படி வேலியிட்ட இடம். நம் கொல்லைகளில் படல் கட்டுவோமே, அந்த மாதிரி. மத்திய காலத்தில் அப்படி வேலி போட்டுப் பாதுகாத்த பண்ணைகளுக்கும் மாளிகைகளுக்கும் இந்தப் பெயர் வந்தது. பிரான்சில் 'லெ பிளெஸி' என்ற ஊர்கள் ஏராளம். புதுச்சேரியில் 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். சேப்பாக்கத்து டு பிளெசிஸும் புதுச்சேரித் துய்ப்ளேக்ஸும் பெயரளவில் ஒரே படலுக்குள் இருந்தவர்கள். அதற்காக இருவரும் உறவினர் என்று அர்த்தமில்லை. படல் கட்டிய ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு டு பிளெசிஸ் கிளம்பியிருக்கலாம்.

அர்த்தம் ஊரைச் சொல்லாது, சரி. ஆனால் பெயரின் வடிவம் வட்டாரத்தைச் சொல்லும். இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கொல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அவர் லெஃபேவ்ர். தெற்கே லாங்தொக் பக்கம் போனால் ஃபாப்ர். இன்னும் சில தென்பகுதிகளில் ஃபோர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவோயில் ஃபாவ்ர். பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரெத்தாஞ் தீபகற்பத்தில் லெ கொஃப். அது பிரெஞ்சுச் சொல்லே இல்லை, அந்த மண்ணின் பிரெத்தோன் மொழி. ஐந்து பெயர், ஒரே பட்டறை. உங்கள் பெயரின் அர்த்தத்தைக் கண்டுபிடித்த பிறகு, 'இதே அர்த்தம் மற்ற வட்டாரங்களில் எப்படி எழுதப்படுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி பிரான்ஸ் அங்கேயே கழிந்துவிடும்.

மூன்றாம் படி: எந்த வாசல் வழியாக வெளியேறியது?

பிரான்சுக்கு வெளியே ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தால், அது வெளியேறிய வாசல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த நாட்டில், எந்த ஆண்டில் முதலில் தென்படுகிறது என்று பார்த்தால் வாசல் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் மத்திய காலத்திலேயே இருந்தால், 1066இல் நார்மண்டிப் படையோடு வந்த அலையிலோ அதன் பின்விளைவாகவோ வந்திருக்கலாம். சின்க்ளேர் என்பது 'சான் கிளேர்' என்ற ஊர்ப்பெயர். புரூஸ் என்ற ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் பெயர் நார்மண்டியில் உள்ள ப்ரி என்ற சிற்றூரிலிருந்து வந்தது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், கேப் டவுன் ஆகிய இடங்களில் திடீரென்று முளைத்தால் அது யூகனோ, அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் வாசல். 1598இல் நான்காம் ஹென்றி புராட்டஸ்டண்டுகளுக்குக் கொடுத்த உரிமையை 1685இல் பதினான்காம் லூயி பறித்துக்கொண்டார். ஏறக்குறைய 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் 180 பேர் அளவில் 1688, 1689 ஆண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டிவில்லியர்ஸ் குடும்பத்தின் மூன்று சகோதரர்கள் 1689இல் வந்தவர்கள். இப்படி வந்த யூகனோக்களில் பலர் குடியேறிய பள்ளத்தாக்குக்கு இன்றும் பெயர் ஃபிரான்ஷூக், 'பிரெஞ்சு மூலை'. கம்பெனி அவர்களை டச்சு விவசாயிகளுக்கு நடுவே கலந்து குடியமர்த்தியது, பள்ளிக்கூடத்தில் டச்சு மொழியை வைத்தது. இரண்டு தலைமுறைக்குள் பிரெஞ்சு வழக்கொழிந்தது. டு பிளெசிஸ், டிவில்லியர்ஸ், டு டாய், லெ ரூ, ஜூபேர் எல்லாம் அந்தச் சின்னக் கூட்டத்தின் மிச்சம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த லபுஷேனும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவுக்கு ஆடுகிறார், பிறந்தது தென்னாப்பிரிக்காவில், பெயர் பிரெஞ்சு. ஆஸ்திரேலியர்கள் சொல்வது ஒரு மாதிரி, ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் சொல்வது வேறு மாதிரி.

கனடாவின் கியூபெக் என்றால் கதையே வேறு. 1663இலிருந்து 1673க்குள் ஏறக்குறைய 800 இளம்பெண்களை மணப்பெண்களாக அரசரே செலவு செய்து அனுப்பினார். 1665இல் ஒரு படைப்பிரிவு போனது. அதில் சில நூறு சிப்பாய்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்க்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: லாஃப்ளூர் (பூ), சான்சூசி (கவலையற்றவன்), ஜோலிகேர் (மகிழ்ந்த நெஞ்சன்). பதிவேட்டில் 'இன்னார் தி இன்னார்' என்று இரண்டு பெயரும் வரும். நம் பத்திரங்களில் 'முருகன் என்கிற முருகேசன்' என்று எழுதுவார்கள் இல்லையா, அந்த 'என்கிற'தான் இந்த 'தி'. ஒரு மகன் முதல் பெயரை வைத்துக்கொள்வான், தம்பி இரண்டாவதை. இரண்டு தலைமுறையில் ஒரே ரத்தம் இரண்டு குடும்பப்பெயர்களாகிவிடும். கியூபெக் பெயரைத் தேடுபவர்கள் 'தி'க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடாவிட்டால் 1700 வாக்கில் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் லூசியானாவில் ஈ-ஏ-யூ-எக்ஸ் என்று முடியும் பெயர் என்றால், 1755இல் பிரிட்டிஷார் கனடாவின் கிழக்குக் கடலோரப் பகுதியான அகாதியாவிலிருந்து விரட்டிய மக்களின் வழித்தோன்றலாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டாக எக்ஸ் போட்டதால்தான் அந்த எழுத்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்த முடிவு பிரெஞ்சு எழுத்துமுறையிலேயே பன்மைக்கு உரியது.

கடைசியாக, கனமான ஒரு வாசல். 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அதுவரை குடும்பப்பெயரே இல்லாமல் வைக்கப்பட்டிருந்த மக்களுக்கு அதிகாரிகள் பெயர் கொடுத்துப் பதிவு செய்தார்கள். ரெயூனியன் தீவில் மட்டும் ஏறக்குறைய 62,000 பேர். எழுத்தருக்குத் தோன்றியதெல்லாம் பெயரானது. எழுத்துகளை மாற்றிப் போட்டவை, புராணத்திலிருந்து எடுத்தவை, கேலியாகக் கொடுத்தவையும் உண்டு. அங்கே பெயரின் அர்த்தத்தை வைத்து முன்னோரின் ஊரைத் தேடுவது வீண். அது பெயர் கொடுத்தவரின் மனநிலையைத்தான் காட்டும்.

நான்காம் படி: பதிவேட்டுக்குள் இறங்குவது

பிரான்சின் பதிவேடுகள் நமக்குப் பொறாமை வரும் அளவுக்கு ஒழுங்கானவை. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் ஞானஸ்நானங்களைப் பங்குக் கோயில்கள் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். 1667இல் ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டு பிரதி கட்டாயமானது. 1792 செப்டம்பர் 20 அன்று புரட்சி அரசு அந்த வேலையைக் கோயிலிடமிருந்து நகராட்சிக்கு மாற்றியது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1794இல் சட்டம் வந்தது. அன்றிலிருந்து எழுத்துமுறைகள் உறையத் தொடங்கின. அதற்கு முன்பு ஒரே ஆள் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் கலங்க வேண்டாம்.

இந்த ஏடுகள் ஒவ்வொரு மாவட்ட ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் படங்களாக இருக்கின்றன. பெரும்பாலும் இலவசம். பிறப்பும் திருமணமும் 75 ஆண்டு கழித்து எல்லோருக்கும் திறக்கும். இறப்புக்கு 25 ஆண்டு. ஆனால் முதலில் ஊர் பெயர் தெரிய வேண்டும். ஊர் தெரியாதவர்கள் ஜெனியாநெட், ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் பெயரைப் போட்டு எந்த வட்டாரத்தில் குவிகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு காப்பகத்துக்குப் போங்கள். அந்தத் தளங்களில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் கொடிவழிகளைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வழியில் சில குழிகள். 1793இலிருந்து 1805 முடிய ஏடுகளில் புரட்சி நாட்காட்டிதான். 'ஆண்டு 6, பனிமாதம்' என்ற மாதிரி இருக்கும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. பாரிஸ் என்றால் இன்னொரு தலைவலி: 1871 மே மாதக் கலவரத்தில் 1860க்கு முந்தைய ஏடுகளின் இரண்டு பிரதிகளும், இரண்டு வேறு கட்டடங்களில் எரிந்துபோயின. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிறகு மீட்டு எழுத முடிந்தது. நல்ல செய்தியும் உண்டு. பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்ணுக்குத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயர்தான். தாய்வழித் தேடல் இங்கிலாந்தைவிட இங்கே எவ்வளவோ சுலபம்.

யூகனோ குடும்பம் என்றால் 1685க்கும் 1787க்கும் இடையில் பிரான்சில் அவர்களுக்குச் சட்டப்படி பதிவே கிடையாது. அதனால் போய்ச் சேர்ந்த நாட்டிலிருந்து தொடங்க வேண்டும்: லண்டன் பிரெஞ்சுக் கோயில் ஏடுகள், நெதர்லாந்தில் பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டண்டுகளின் வாலோன் கோயில் ஏடுகள், கேப்புக்கு என்றால் கம்பெனியின் கப்பல் பட்டியல்கள்.

அந்தப் பட்டியலில்தான் நம் ஆள் கிடைக்கிறார். 1688இல் ஓஸ்டர்லான்ட் என்ற கப்பலில் கேப்புக்கு வந்த ஒரு மருத்துவர், புவாத்தியே நகரத்துக்காரர். பெயர் ஜான் ப்ரியூர் து பிளெஸி. 'ப்ரியூர்' கவனித்தீர்களா? வழித்தோன்றல்கள் அதை உதிர்த்துவிட்டு வால்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால் பிரான்சில் இந்தக் குடும்பத்தைத் தேடுபவர் டு பிளெசிஸ் என்று மட்டும் தேடினால் போதாது, ப்ரியூர் என்ற பெயரிலும் தேட வேண்டும். வேலியைப் பற்றிச் சொன்ன எந்த அகராதியும் இதைச் சொல்லியிருக்காது.

ஐந்தாம் படி: அரிதா, இல்லையா?

பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, குடும்பப்பெயர்களை 1891இலிருந்து பிறந்தவர்களை வைத்து எண்ணியிருக்கிறது. 1990 வரையிலான நூறு ஆண்டுகளை 25 ஆண்டு வீதம் நான்காகப் பிரித்து, மாவட்டவாரியாக வரைபடம் காட்டும் தளங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒன்றை மறக்க வேண்டாம்: இது பிறந்தவர்களின் எண்ணிக்கை, உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை இல்லை. முதல் 25 ஆண்டு வரைபடம்தான் மூலம் தேடுபவருக்குத் தங்கம். ரயிலும் வேலையும் ஆட்களைப் பாரிசுக்கு இழுத்துப்போவது முழுதாக நடக்கும் முன்பு குடும்பம் எங்கே குவிந்திருந்தது என்று அது காட்டும். ஒரு மாவட்டத்தில் மட்டும் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் பெயர் பிறந்த மண் அதுதான்.

அமெரிக்காவுக்கு 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியல் இருக்கிறது. குறைந்தது 100 பேர் உள்ள 1,62,253 குடும்பப்பெயர்கள் அதில். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அந்த நாட்டில் நூறு பேர்கூட இல்லை என்று கொள்ளலாம். உலகம் முழுவதற்கும் எண்ணிக்கை சொல்லும் இணையதளங்களும் உண்டு. அவை மதிப்பீடுகள், பத்துப் பேர் என்று சொன்னால் நாற்பதாகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம்.

எண்ணும்போது இரண்டு முறை எண்ணுங்கள்: உங்கள் எழுத்துமுறையை மட்டும் ஒருமுறை, எல்லா எழுத்துமுறைகளையும் சேர்த்து ஒருமுறை. முதல் எண் சின்னதாகவும் இரண்டாவது பெரியதாகவும் வந்தால் பெயர் அரிதில்லை, எழுத்தரின் கைதான் அரிது. என் கணிப்பில் 'உலகிலேயே எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் இந்தப் பெயர்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்.

இடம் மாறினால் அரிது எப்படித் தலைகீழாகும் என்பதற்கு த்ராம்ப்ளேயைப் பாருங்கள். காட்டரச மர வகை ஒன்று அடர்ந்த இடம் என்று பொருள். பெர்ஷ் பகுதியின் ரான்தொனே என்ற சிற்றூரிலிருந்து கியூபெக்குக்குப் போன பியேர் த்ராம்ப்ளே 1657இல் அங்கே திருமணம் செய்துகொண்டார். பன்னிரண்டு பிள்ளைகள். இன்று கியூபெக்கில் மிக அதிகமாக உள்ள குடும்பப்பெயர் அது, ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவர். தாய்நாட்டிலோ அது அப்படியொன்றும் அடிக்கடி காதில் விழும் பெயர் இல்லை. வாசல் வழியே போனவர் ஒருவர். போன இடத்தில் நிலம் இருந்தது, மகன்கள் பிழைத்தார்கள். டு பிளெசிஸும் தென்னாப்பிரிக்காவில் பெருகியது இதே கணக்கில்தான்.

நேர் எதிரான கணக்கும் உண்டு. மகன் இல்லாத வீட்டில் பெயர் நின்றுபோகும். ஒவ்வொரு தலைமுறையிலும் சில வீடுகள் அப்படி நிற்க, காலப்போக்கில் பெரும்பாலான பெயர்கள் அணைந்துபோகும் என்பதை பியெனமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1845இலேயே கணக்காகப் பார்த்துவிட்டார். முதல் உலகப் போரில் கடைசி வாரிசையும் இழந்த குடும்பங்கள் ஏராளமாக இருந்ததால், நாட்டுக்காக உயிர்விட்டவரின் பெயரை உறவினர் எடுத்துக்கொள்ள 1923இல் தனிச் சட்டமே போட்டார்கள். இன்றைய சிவில் சட்டத்திலும், அழியப்போகும் முன்னோர் பெயரைக் காப்பாற்றுவது பெயர் மாற்றத்துக்கு ஏற்கத்தக்க காரணம். 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் பெயரையோ இருவரின் பெயரையும் சேர்த்தோ வைக்கலாம். 2022 ஜூலையிலிருந்து பெரியவர்களும் மற்றப் பெற்றோரின் பெயருக்கு நகராட்சியில் படிவம் கொடுத்து மாறிக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே அழித்த பெயர்களும் உண்டு. கேலிக்கு இடமான பட்டப்பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டால் யார்தான் பொறுப்பார்கள்? 1803 சட்டம் அதற்கு வழி வைத்தது. ஒரு பெயர் சட்டென்று காணாமல் போனால் மரணத்தைத் தேடுவதற்கு முன் பெயர் மாற்ற ஆணையைத் தேடுங்கள்.

புதுச்சேரிப் பெயர் என்றால்

இங்கே ஆண்டு ஒன்றுதான்: 1881. அந்த ஆண்டு செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணை, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி செய்தது. துறந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். துறக்கும்போது தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும். முன்னோடியாக இருந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, நீதிமன்றத்துக்கு ஐரோப்பியக் காலணி அணிந்து போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு வழக்காடியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு'.

இதை மேலே சொன்ன வாசல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரெயூனியனில் எழுத்தர் கொடுத்தார். இங்கே எடுத்துக்கொண்டவரே தேர்ந்தார். சிலர் பிரெஞ்சு ஞானஸ்நானப் பெயரை எடுத்தார்கள், சிலர் பொருளுள்ள ஒரு சொல்லை, சிலர் தங்கள் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தாத்தா தனியாகத் தேர்ந்த பெயர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு வெளியே அதே பெயர் அநேகமாக இருக்காது. பிரான்சிலும் அதே பெயர் இருந்தால் அது தற்செயல். அங்கே மூதாதையர் யாருமில்லை. குடும்பப்பெயர் அகராதியில் தேடி 'நாம் நார்மண்டிக்காரர்' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பாவம்.

எனவே இங்கே தேட வேண்டியது துறப்புப் பத்திரம். பழைய தமிழ்ப் பெயர், தகப்பனார் பெயர், புதிய பெயர் எல்லாம் சந்திக்கும் இடம் அதுதான். பிரெஞ்சிந்தியாவின் பழைய சிவில் பதிவேடுகள் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசியக் காப்பகத்தில் படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் உண்டு. அண்மைக்காலப் பதிவுகளுக்கு நாந்த் நகரத்தில் உள்ள மத்திய சிவில் பதிவகத்துக்கு எழுத வேண்டும். பெரியவர்களிடம் கேட்கும்போது 'எத்தா சிவில்' (சிவில் பதிவு) என்றே கேளுங்கள், உடனே புரியும். 1881க்கு முந்தைய ஏடுகளுக்குப் போனால் குடும்பப்பெயரே இருக்காது. தமிழ்ப் பெயரும் தகப்பன் பெயரும் மட்டும்தான், அதுவும் பிரெஞ்சு எழுத்தில்: 'உ'வுக்கு ஓ-யூ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். பொன்னுத்தம்பியை அந்த எழுத்தில் வாய்விட்டுப் படித்தால்தான் தமிழ் வெளியே வரும்.

காசு போகும் இடங்கள்

குடும்பச் சின்னம் என்று கேடயமும் சிங்கமும் அச்சிட்டு மரச்சட்டத்தில் மாட்டி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஒரு பெயருக்கு என்று பொதுவான சின்னம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் சின்னம் அந்தக் குடும்பத்தோடு சரி. டி.என்.ஏ. சோதனை போடலாமே என்பவர்களுக்கு: பிரான்சில் வம்சம் தேடுவதற்காக அதை வாங்குவது சட்டவிரோதம், 3,750 யூரோ வரை அபராதம். அதனால் அங்கிருந்து ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் மாதிரிகளும் குறைவு.

மூன்றாவது, பிரபலங்களோடு முடிச்சுப் போடுவது. டு பிளெசிஸ் பெயருக்கு அந்தப் பிரபலம் கார்டினல் ரிஷெலியூ. பதின்மூன்றாம் லூயியின் முதலமைச்சர். இயற்பெயர் அர்மான் ஜான் து பிளெஸி, குடும்பம் புவாத்து பகுதியைச் சேர்ந்தது. கேப்புக்குப் போன மருத்துவரின் புவாத்தியேயும் அதே பகுதியின் தலைநகரம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ரிஷெலியூ கத்தோலிக்கக் குரு, பிள்ளைகள் இல்லை. அவருடைய பட்டமும் பெயரும் சகோதரியின் பேரனுக்குப் போயின. அந்தப் பேரன் பிறப்பால் வின்யெரோ. ரிஷெலியூ பிரபுக்களாகப் பின்னால் வந்த து பிளெஸிகள் அத்தனை பேரும் அந்தப் பேரனின் வழியில் வந்தவர்களே.